ராஸ்பெரி பை 4, எஸ்எஸ்டி, 38 மெகாபைட்: வேகம் எங்கே தடைபடுகிறது?

#1 படச்சுருள்

வணக்கம். நானும் அண்ணனும் கல்யாணப் புகைப்பட ஸ்டூடியோ நடத்துகிறோம். ஒரு முகூர்த்தம் முடிந்தால் இரண்டு கேமராவையும் சேர்த்து 150 ஜிபி அளவுக்குப் படமும் வீடியோவும் வந்துவிடும். ஸ்டூடியோ கணினியிலிருந்து அன்றிரவே நகலெடுத்து வைக்க ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையை வாங்கி, வலை வழியே கோப்புகளைப் பகிரும் சாம்பா மென்பொருளை அதில் அமைத்திருக்கிறேன். சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை யூஎஸ்பி பெட்டிக்குள் வைத்து நீல நிறப் போர்ட்டில் செருகியிருக்கிறேன். இயங்குதளம் மைக்ரோ எஸ்டி கார்டில் இருக்கிறது. கணினியும் பையும் ஒரே கிகாபிட் சுவிட்சில் இருக்கின்றன.

எஸ்எஸ்டியின் உறையில் 540 மெகாபைட் என்று அச்சிட்டிருக்கிறது. எனக்குக் கிடைப்பது நொடிக்கு 38 மெகாபைட். 150 ஜிபி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நகல் முடியும்வரை அண்ணன் கேமரா கார்டுகளை அழிக்க விடமாட்டார். விடியற்காலை அடுத்த மண்டபத்துக்குக் கிளம்பும்போது அதே கார்டுகள் வேண்டும்.

கடைக்காரர், "பை 5 வாங்கி என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். வாங்கலாமா?

#2 சாலிடர்புகை

இப்போதைக்கு வாங்க வேண்டாம் தம்பி. உறையில் உள்ள எண், அந்த எஸ்எஸ்டியை நல்ல கணினியில் நேராக மாட்டினால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்கிறது. உங்கள் படம் போகும் வழியில் வட்டு கடைசியில்தான் வருகிறது. முதலில் வழியைப் பார்ப்போம்.

கணினியிலிருந்து பை வரை கிகாபிட் ஈதர்நெட். 1000 மெகாபிட் என்றால் 125 மெகாபைட். பாக்கெட் தலைப்புகளுக்குப் போனது போக 110 முதல் 115 வரைதான் கோப்புக்கு மிஞ்சும். பை 4இல் ஈதர்நெட் பிசிஎம்2711 சிப்புக்குள்ளேயே இருக்கிறது, யூஎஸ்பியோடு பங்கு போட்டுக்கொள்வதில்லை. அதன் பிறகு சாம்பா, கோப்பு முறைமை இரண்டும் செயலியின் வேலை. கடைசியில் யூஎஸ்பி. நீலப் போர்ட் இரண்டும் கறுப்புப் போர்ட் இரண்டும் விஎல்805 என்ற ஒரே கட்டுப்பாட்டுச் சிப்பின் கீழ் வருகின்றன. அந்தச் சிப் செயலியோடு பேசுவது, சிப்புகளை இணைக்கும் பிசிஐஇ இணைப்பின் இரண்டாம் தலைமுறையில், ஒரே ஒரு தடத்தில். நொடிக்கு 500 கோடி பிட் ஓடும் தடம்தான், ஆனால் ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக்கி அனுப்புவதால் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. மிஞ்சுவது 4 கிகாபிட், அதாவது 500 மெகாபைட். நெறிமுறைச் செலவையும் கழித்துவிட்டால் பை 4இல் நல்ல எஸ்எஸ்டி 350ஐ ஒட்டித்தான் நிற்கும்.

ஆகவே உங்கள் வேலைக்கு உச்சவரம்பு 110. அதை வைப்பது ஈதர்நெட். பை 5இலும் அதே கிகாபிட் ஈதர்நெட்தான் இருக்கிறது. என்விஎம்இ போட்டாலும் 110க்கு மேல் ஒரு பைட்கூட வேகமாக வராது. இப்போது 38இல் நிற்பதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

மூன்றையும் தனித்தனியாக அளந்து இங்கே போடுங்கள். ஐபெர்ஃப்3 கொண்டு வலையை மட்டும் அளக்க வேண்டும். டிடி கட்டளையை டைரக்ட் கொடியோடு ஓட்டி வட்டை வாசிப்பதை மட்டும் அளக்க வேண்டும். கொடி இல்லாவிட்டால் நினைவகத்தில் ஏற்கனவே வந்து நிற்பதை அளந்துவிட்டு, வட்டு வேகமாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். பிறகு உண்மையான நகல் ஓடும்போது, செயலியை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் டாப் திரையில் எந்தச் செயல்முறை முதலிடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். எல்எஸ்யூஎஸ்பியை மர வடிவில் ஓட்டினால் வட்டுக்கு நேரே 5000 மெகாபிட் (யூஎஸ்பி 3) இருக்கிறதா, 480 (யூஎஸ்பி 2) இருக்கிறதா என்பதும் தெரியும். 480 என்றால் பிடுங்கிவிட்டு ஒரே அழுத்தில் செருகிப் பாருங்கள். மெதுவாகச் செருகும்போது யூஎஸ்பி 2 தொடர்புகள் முதலில் தொட்டு, வட்டு அந்த வேகத்திலேயே தங்கிவிடுவது உண்டு.

#3 தாமிரபரணி

பழைய பலகை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இது பை 4இலிருந்துதான் பொருந்தும்.

2012இல் வந்த முதல் பையின் பிசிஎம்2835 சிப்பிலிருந்து வெளியே வந்தது ஒரே ஒரு யூஎஸ்பி 2 இணைப்பு. மாடல் பி பலகையில் அந்த இணைப்பில் ஒரு ஹப் சிப்பும், அந்தச் சிப்புக்குள்ளேயே ஈதர்நெட்டும் இருந்தன. வட்டிலிருந்து வாசித்து வலைக்கு அனுப்பும் ஒவ்வொரு பைட்டும் அதே 480 மெகாபிட் இணைப்பில் உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை போக வேண்டும். யூஎஸ்பி 2 ஒரே நேரத்தில் ஒரு திசையில்தான் பேசும். 2018இல் வந்த 3பி+ பலகையில் கிகாபிட் ஈதர்நெட் இருந்தது, ஆனால் பின்னால் அதே யூஎஸ்பி 2. அதனால் உச்சம் 300 மெகாபிட் என்று தயாரிப்பாளர்களே வெளிப்படையாக அறிவித்தார்கள். 2019இல் பை 4 வந்தபோது செயலி வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது இந்த இணைப்பு பிரிந்ததுதான்.

என்னுடைய 3பி+ இன்னும் ஓடுகிறது. வீட்டுக்குள் பாட்டு ஒலிபரப்ப அது தாராளம்.

#4 படச்சுருள்

அளந்துவிட்டேன் அண்ணா.

ஐபெர்ஃப்: 940 மெகாபிட்.
டிடி நேரடி வாசிப்பு: 310 மெகாபைட்.
எல்எஸ்யூஎஸ்பி: 5000 என்று காட்டுகிறது. டிரைவர் என்ற இடத்தில் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் என்று இருக்கிறது.
நகல் ஓடும்போது டாப் திரையில் மவுண்ட்.என்டிஎஃப்எஸ் என்ற செயல்முறை 95க்கும் 100க்கும் இடையில் ஆடிக்கொண்டிருக்கிறது. சாம்பா 20ஐத் தாண்டவில்லை.

வட்டை விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸில் வடிவமைத்திருக்கிறோம். ஆல்பம் வடிவமைப்பவர் வரும்போது வட்டைப் பிடுங்கி அவருடைய விண்டோஸ் மடிக்கணினியில் செருகிக் கொடுப்பது வழக்கம்.

#5 சாலிடர்புகை

கண்டுபிடித்தாகிவிட்டது. உங்கள் வலை நன்றாக இருக்கிறது, வட்டு நன்றாக இருக்கிறது, யூஎஸ்பியும் நன்றாக இருக்கிறது. தடை, லினக்ஸில் என்டிஎஃப்எஸ் வட்டைக் கையாளும் என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவரில் இருக்கிறது.

அந்த டிரைவர் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) வெளியே, சாதாரண நிரல் போல ஓடுவது. சாம்பா ஒரு துண்டை எழுதச் சொன்னால் அது கெர்னலுக்குள் போய், அங்கிருந்து வெளியே இந்த நிரலுக்கு வந்து, இது எங்கே வைப்பது என்று தீர்மானித்து, மறுபடி கெர்னலுக்குள் போய் வட்டுக்குச் சேரும். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு துண்டும் 4 கிலோபைட்தான். நொடிக்கு 38 மெகாபைட் என்றால் ஏறத்தாழ 9,500 தடவை இந்தச் சுற்று நடக்கிறது. மேசைக் கணினியில் இது உறுத்தாது. பையில் நான்கு கோர் இருந்தாலும் இந்த வேலை ஒன்றில்தான் ஓடும். மற்ற மூன்றும் சும்மா இருக்க, அந்த ஒன்று மூச்சு முட்டி நிற்கும். டாப் திரையில் 100ஐ ஒட்டி ஆடுகிறது என்றீர்களே, அதுதான் இது.

வழி மூன்று இருக்கிறது. பிக் ரைட்ஸ் என்ற விருப்பத்தோடு வட்டை மவுண்ட் செய்தால் (இயங்குதளத்தோடு இணைத்தால்) துண்டுகள் பெரிதாகும், ஓரளவு உயரும். 2021இல் வந்த லினக்ஸ் 5.15 முதல் கெர்னலுக்குள்ளேயே ஓடும் என்டிஎஃப்எஸ்3 டிரைவர் இருக்கிறது, அதைக் கொண்டு மவுண்ட் செய்தால் நன்றாகவே உயரும். மூன்றாவது, லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4. வட்டு பையிலேயே இருக்கப் போகிறதென்றால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. டிரைவர் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் என்று இருப்பதைப் பார்த்தால் யூஏஎஸ் என்ற புதிய யூஎஸ்பி வட்டு முறை அணைந்திருக்கிறது. பழைய முறையில் ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் அடுத்த கட்டளை போகும். யூஏஎஸ்ஸில் பல கட்டளைகள் வரிசையில் நிற்கலாம். பெரிய படக் கோப்புகளுக்கு இதில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் நன்றாகத் தெரியும். துவக்கக் கட்டளைக் கோப்பில் யூஏஎஸ்ஸை அணைக்கும் குவர்க்ஸ் என்ற வரி சேர்த்திருக்கிறீர்களா?

#6 கடலோரக்காற்று

இஎக்ஸ்டி4 என்றால் வடிவமைப்பாளரின் விண்டோஸ் மடிக்கணினி அந்த வட்டைப் படிக்காதே? எக்ஸ்ஃபேட் போடலாம். மைக்ரோசாஃப்ட் 2019இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டுவிட்டது. 2020இல் லினக்ஸ் 5.7இல் சாம்சங் எழுதிய டிரைவர் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. வேகமும் கிடைக்கும், இரண்டு பக்கமும் படிக்கும்.

#7 தாமிரபரணி

எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு, இல்லை ஐயா. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எந்த இடம் நிரம்பியது, எது காலி என்ற அட்டவணை பாதியில் நிற்கும். இஎக்ஸ்டி4 மறுபடி மின்சாரம் வந்ததும் ஜர்னலைப் பார்த்துக் கட்டமைப்பைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். கடைசியாக எழுதிய கோப்பு போகலாம், வட்டே திறக்காமல் போகும் நிலை வெகு அரிது. கல்யாணப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. வேகத்துக்காக இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

வட்டைப் பிடுங்கிக் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். வடிவமைப்பாளர் மடிக்கணினியை அதே சுவிட்சில் செருகிக்கொள்ளட்டும். சாம்பா வழியாகப் போகும்போது கோப்பு முறைமை எதுவென்று விண்டோஸ் கேட்பதே இல்லை.

#8 படச்சுருள்

குவர்க்ஸ் வரி இருக்கிறது அண்ணா. பை அமைக்கும்போது படித்த குறிப்பு ஒன்றில் அதைச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். இந்தப் பெட்டியிலுள்ள பிரிட்ஜ் சிப் (சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் சிப்) யூஏஎஸ்ஸோடு ஒத்துப்போகாது, வட்டு நடுவில் காணாமல் போகும் என்று எழுதியிருந்தது.

இஎக்ஸ்டி4க்கு மாற்ற அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். வட்டில் இருப்பதையெல்லாம் முதலில் வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

#9 சாலிடர்புகை

அப்படியானால் அந்த வரியை எடுக்க வேண்டாம். சில பிரிட்ஜ் சிப்புகளின் ஃபர்ம்வேர் யூஏஎஸ்ஸில் தடுமாறும் என்பது உண்மை. உங்கள் கோப்புகளுக்கு அதனால் இழப்பு சொற்பம். நிலையாக ஓடுவது முக்கியம்.

#10 வெள்ளிவீதி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடைய மைக்ரோ எஸ்டி கார்டில் 170 மெகாபைட் என்று போட்டிருக்கிறது. பை 4இல் எப்படி அளந்தாலும் 44ஐத் தாண்டவில்லை. போலிக் கார்டா?

#11 மூலநிரல்

போலியாக இருக்க வேண்டியதில்லை. 44 என்பது பை 4க்குச் சரியான எண்.

எஸ்டி கார்டு இணைப்பில் நான்கு தரவுக் கம்பிகள் உண்டு. பழைய ஹை ஸ்பீடு முறையில் 3.3 வோல்ட்டில் 50 மெகாஹெர்ட்ஸ், அதாவது உச்சம் 25 மெகாபைட். பை 3 வரை அவ்வளவுதான். யூஎச்எஸ்-ஐ என்ற வேகமான தரநிலை வந்தபோது குறிகை 1.8 வோல்ட்டுக்கு இறங்கியது. பை 4 டிடிஆர்50 முறை வரை பேசும்: அதே 50 மெகாஹெர்ட்ஸ், கடிகாரத்தின் ஏற்றம் இறக்கம் இரண்டிலும் தரவு, உச்சம் 50. உங்களுக்கு 44 வருகிறது. பை 5 எஸ்டிஆர்104 வரை போகும். அங்கே உச்சம் 104, கையில் கிடைப்பது 90 அளவில்.

பிறகு 170 எங்கிருந்து வந்தது? யூஎச்எஸ்-ஐ தரநிலையின் உச்சமே 104தான். அதற்கு மேலே உள்ள எண்ணெல்லாம் தயாரிப்பாளர் தம் சொந்த முறையில், அதற்கென்றே உள்ள கார்டு ரீடரில் எடுத்தது. எந்தப் பையிலும் அது வராது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இயங்குதளம் ஓடும் கார்டுக்கு இந்தப் பெரிய எண்ணைப் பார்த்தே வாங்கக் கூடாது. பை துவங்குவதும் நிரல் திறப்பதும் பதிவேடு எழுதுவதும் 4 கிலோபைட் துண்டுகளாக, வட்டெங்கும் சிதறி நடக்கின்றன. அதற்கான குறி ஏ1, ஏ2. ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 சிதறல் வாசிப்பு, 500 சிதறல் எழுத்து. 500ஐ 4 கிலோபைட்டால் பெருக்கிப் பாருங்கள்: 2 மெகாபைட். 170 என்று மினுமினுக்கும் கார்டு தரவுத்தளம் ஒன்று ஓடும்போது 2 மெகாபைட்டில் நகர்வது இதனால்தான். ஏ2 என்றால் 4000, 2000. ஆனால் அந்த எண்களைத் தொட, கட்டளைகளை வரிசைப்படுத்தும் வசதியைக் கார்டைப் பயன்படுத்தும் கருவியும் ஆதரிக்க வேண்டும். பழைய பலகையில் ஏ2 கார்டு போட்டுவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

#12 நுண்மணி

லினக்ஸ் இல்லாத சிறு பலகைகளில் இதே சிக்கல் வேறு முகத்தோடு வருகிறது. பாலிடெக்னிக் மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் பாடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மோட்டாரின் அதிர்வைப் பதிவுசெய்ய ஏடிஎக்ஸ்எல்345 உணரியை ஆர்டுவினோ ஊனோவில் மாட்டி, எஸ்டி கார்டில் எழுத வேண்டும். உணரியின் உச்சம் நொடிக்கு 3200 மாதிரிகள். மூன்று அச்சு, அச்சுக்கு 2 பைட், ஆக ஒரு மாதிரிக்கு 6 பைட். நொடிக்கு 19.2 கிலோபைட். ஊனோ கார்டோடு பேசும் எஸ்பிஐ இணைப்பு 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும், அதாவது நொடிக்கு ஒரு மெகாபைட்டை ஒட்டிய தடம். நடைமுறையில் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் போதுமே என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். பதிவைத் திறந்து பார்த்தால் இடையிடையே ஓட்டை. வரைபடத்தில் அலை திடீரென்று வெட்டுப்பட்டு, வேறு கட்டத்தில் தொடர்கிறது.

சராசரி வேகத்தில் குறை இல்லை. எஸ்டி கார்டு எழுதும்போது அவ்வப்போது "பொறு" என்று சொல்லித் தரவுக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உள்ளே பழைய பிளாக்கை அழிக்கிறது, தரவை இடம் மாற்றுகிறது. எஸ்டிஎச்சி கார்டுக்கு இப்படி 250 மில்லிநொடி வரை பிடித்துக்கொள்ளத் தரநிலையே இடம் கொடுக்கிறது. 250 மில்லிநொடியில் நம் உணரி 800 மாதிரிகளைத் தந்துவிடும், அதாவது 4.8 கிலோபைட். உணரிக்குள் இருக்கும் வரிசை 32 மாதிரிகள் கொள்ளும், அது வெறும் 10 மில்லிநொடி. ஊனோவின் மொத்த நினைவகம் 2 கிலோபைட், அதில் 512 பைட்டை எஸ்டி நூலகம் எடுத்துக்கொள்ளும். மிச்ச மாதிரிகள் தங்க இடமே இல்லை. எவ்வளவு வேகமான கார்டு வாங்கினாலும் இந்த ஓட்டை போகாது.

இஎஸ்பி32க்கு மாறினால் 520 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. அதில் 32 கிலோபைட்டை இடைத்தாங்கியாக ஒதுக்கினால் ஒன்றரை நொடி வரை தாங்கும். ஒரு கோர் உணரியை வாசித்து நிரப்பட்டும், இன்னொரு கோர் கார்டில் எழுதட்டும். கோப்பை முன்கூட்டியே தொடர்ச்சியாக ஒதுக்கிவிட்டு, 512 பைட்டின் பெருக்கமாக, பெரிய துண்டுகளாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கோப்பைத் திறந்து மூடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு மூடலுக்கு ஃபேட் அட்டவணையும் கோப்பகப் பதிவும் சேர்ந்து எழுதப்படுகின்றன.

#13 வெள்ளிவீதி

அக்கா, இஎஸ்பி32இல் எஸ்பிஐக்குப் பதிலாக நான்கு கம்பி முறையில் இணைத்தால் இந்தக் காத்திருப்பு குறையுமா?

#14 நுண்மணி

தடம் அகலமாகும், காத்திருப்பு குறையாது. எஸ்பிஐயில் 20 மெகாஹெர்ட்ஸ் என்றால் உச்சம் 2.5 மெகாபைட். நான்கு கம்பியில் 40 மெகாஹெர்ட்ஸ் என்றால் உச்சம் 20. கேமராப் படம் எழுதுவதற்கு அது வேண்டும். 19 கிலோபைட் எழுதும் அதிர்வுப் பதிவுக்கு இடைத்தாங்கிதான் வேண்டும்.

#15 மூலநிரல்

இழை முழுக்க "உச்சம், உச்சம்" என்று பேசிவருகிறோம். எல்லா உச்சமும் சிலிக்கானில் செதுக்கியது இல்லை என்பதற்கு ஒரு கதை சொல்ல ஆசை.

ஆல்வின்னர் ஏ20 என்று ஒரு சிப். 2013, 2014 வாக்கில் க்யூபிபோர்டு 2, க்யூபிடிரக், பனானா பை போன்ற பலகைகளில் வந்தது. பைக்கு இல்லாத ஒன்று அதற்கு இருந்தது: யூஎஸ்பியின் தயவில்லாத சொந்த சாட்டா போர்ட். வீட்டுச் சேமிப்புப் பெட்டி கட்ட நினைத்தவர்கள் அதற்காகவே வாங்கினார்கள். வாசிப்பு 200 மெகாபைட்டுக்கு மேல் வந்தது. எழுத்து மட்டும் 36 முதல் 45க்குள் நின்றுவிடும். எந்த எஸ்எஸ்டி போட்டாலும் அதே கதை. சிப்பின் பலவீனம், வன்பொருள் வரம்பு என்று எல்லோரும் எழுதிவைத்துவிட்டார்கள். வாங்குவோருக்கான அறிவுரைகளில் அது நிலைபெற்றுவிட்டது.

2019இல் லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு சிறு திருத்தம் வந்தது. சாட்டா கட்டுப்பாட்டுப் பகுதியின் ஒரு ரெஜிஸ்டரில், டிஎம்ஏ (செயலியைத் தொடாமல் நினைவகத்தோடு தரவைப் பரிமாறும் பகுதி) ஒரே தடவையில் எவ்வளவு தரவை நகர்த்தலாம் என்பதைச் சொல்லும் இரண்டு புலங்கள் பூச்சியத்தில் கிடந்தன. இரண்டையும் 3 ஆக்கினார்கள், அவ்வளவுதான். எழுத்து வேகம் 120 முதல் 132க்கு ஏறியது. அதே சிப், அதே பலகை, அதே வட்டு.

அத்தனை ஆண்டுகள் அந்தப் பலகைகள் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓடியிருக்கின்றன. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. ஆகவே "இதுதான் உச்சம்" என்று யாராவது சொன்னால் தடத்தின் அகலம், கடிகாரம், குறியீட்டுச் செலவு மூன்றையும் பெருக்கிக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு ஒத்துவந்தால் அது உண்மையான உச்சம். ஒத்துவராவிட்டால் மேலும் தோண்ட இடம் இருக்கிறது.

#16 சாலிடர்புகை

கதை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இதைப் படிப்பவர்கள் ஓடிப்போய் பை 5இல் பிசிஐஇ மூன்றாம் தலைமுறையைத் திருப்பிவிடக் கூடாது. அது வேறு விஷயம்.

பை 5இன் வெளி இணைப்பு இரண்டாம் தலைமுறைக்குத்தான் சான்று பெற்றது. 5 கிகாவில் உச்சம் 500, கையில் 400 முதல் 450. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் 8 கிகாவில் ஓடும். 10க்கு 8 என்ற செலவு 130க்கு 128 ஆகக் குறைவதால் உச்சம் 985ஐத் தொடும், கையில் 800க்கு மேல் வரும். ஏ20இல் மாற்றியது சிப்புக்குள் நடக்கும் பரிமாற்றத்தின் அளவை. இங்கே மாறுவது ஒரு மெல்லிய பட்டைக் கேபிள் வழியாக ஓடும் மின்குறிகையின் வேகம். கேபிளின் நீளம், மடிப்பு, இணைப்பியின் தரம் எல்லாம் கணக்கில் வரும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. சிலருக்கு கெர்னல் பதிவேட்டில் பிழைத்திருத்தச் செய்திகள் குவிகின்றன, வட்டு திடீரென்று மறைகிறது. பழைய பை 3இல் எஸ்டி கடிகாரத்தை 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியவர்களில் சிலருடைய கார்டுகளில் கோப்புகள் கெட்டதும் இதே வகைதான்.

விளையாடிப் பார்க்க வைத்திருக்கும் பலகையில் செய்யுங்கள். பிறருடைய கல்யாணப் படம் இருக்கும் வட்டில் செய்யாதீர்கள். அதிலும் பின்னால் கிகாபிட் ஈதர்நெட் நிற்கும்போது 450ஐ 800 ஆக்குவதால் பயனும் இல்லை.

#17 பூட்டுச்சாவி

வாடிக்கையாளர் ஆவணங்கள் இருப்பதால் நான் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்ய வேண்டும். பை 4 போதுமா?

#18 மூலநிரல்

பை 4இன் செயலியில் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையின் கணக்கைச் செய்யும் தனி வன்பொருள் கட்டளைகள் இல்லை. எல்லாம் பொதுச் செயலியின் தலையில் விழும், வட்டின் வேகத்துக்கு வெகு கீழே நின்றுவிடும். கூகுள் 2019இல் இத்தகைய கருவிகளுக்காகவே வெளியிட்ட அடியான்டம் முறையை லினக்ஸின் வட்டு மறையாக்கத்தில் தேர்ந்தெடுக்கலாம், அது பை 4இல் ஏஇஎஸ்ஸைவிட வேகம். பை 5இல் ஏஇஎஸ் கட்டளைகள் இருக்கின்றன. உங்கள் தேவைக்குப் பை 5 வாங்குவதில் பொருள் இருக்கிறது.

#19 படச்சுருள்

இஎக்ஸ்டி4க்கு மாற்றிவிட்டோம். நேற்று ராத்திரி வரவேற்பு முடிந்து வந்து நகல் போட்டேன். 108 மெகாபைட்! அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். முதல் 40 ஜிபி வரை 108இல் போகிறது. அதன் பிறகு 70க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. டாப் திரையில் எந்தச் செயல்முறையும் திணறவில்லை. செயலி வெப்பமும் சரியாகத்தான் இருக்கிறது.

#20 சாலிடர்புகை

இது வட்டின் குணம். விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் ஒரு செல்லுக்குள் மூன்று அல்லது நான்கு பிட்டைத் திணிப்பார்கள். அப்படி எழுதுவது மெதுவான வேலை. அதனால் காலியிடத்தில் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரு பிட் என்று வைத்து வேகமாக வாங்கிக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது உள்ளே அடுக்கிக்கொள்வார்கள். அந்தப் பகுதி நிரம்பினால் உண்மையான எழுத்து வேகம் வெளியே தெரியும். உறையில் உள்ள 540 அந்தப் பகுதி நிரம்புவதற்கு முன்னால் உள்ள எண். வட்டு நிரம்ப நிரம்ப அந்தப் பகுதியும் சுருங்கும்.

இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அழித்த கோப்புகளின் இடம் காலி என்று வட்டுக்குத் தெரிய டிரிம் கட்டளை போக வேண்டும். யூஎஸ்பி பெட்டிகளில் பல, அந்த வசதி இருந்தும் அறிவிப்பதில்லை. எல்எஸ்பிஎல்கே கட்டளையை டிஸ்கார்டு விவரத்தோடு ஓட்டிப் பாருங்கள். பூச்சியம் என்று வந்தால் டிரிம் போகவில்லை. ஆதரிக்கும் பெட்டிகளில் லினக்ஸின் கருவி அமைப்பான யூடெவில் ஒரு விதி எழுதி அதை இயக்கலாம், ஆனால் தவறான பெட்டியில் இயக்கினால் தரவு போகும். முதலில் காலி வட்டில் சோதியுங்கள்.

#21 படச்சுருள்

பூச்சியம்தான் வருகிறது அண்ணா. 70 என்றாலும் முன்பு இருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு பங்கு, அதனால் இதைத் தொடப் போவதில்லை. பை 5க்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு எஸ்எஸ்டி வாங்கி, முதல் வட்டைத் தினமும் அதில் நகலெடுக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார். இரண்டையும் நீலப் போர்ட்டுகளிலேயே செருகினால், அந்த ஒரே பிசிஐஇ தடத்தைப் பங்கு போட்டு இரண்டும் மெதுவாகுமா?

#22 சாலிடர்புகை

அண்ணன் சொல்வது மிகச் சரி. படத்துக்கு இரண்டாவது பிரதி வேண்டும்.

தடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். யூஎஸ்பி 2 போலன்றி, பிசிஐஇயும் யூஎஸ்பி 3உம் இரு திசையிலும் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு வட்டிலிருந்து வாசிப்பது உள்ளே வரும் திசை, மற்றதில் எழுதுவது வெளியே போகும் திசை. இரண்டாவது வட்டும் இதே வகை என்றால் அதன் எழுத்து வேகம்தான் உங்களுக்கு வரம்பாக இருக்கும்.

கவனிக்க வேண்டியது மின்சாரம். பை 4இன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். இரண்டு எஸ்எஸ்டி ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எழுதினால் அதைத் தாண்டிவிடும், ஒன்று நடுவில் மறைந்துபோகும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி 3 ஹப் ஒன்று வாங்கி, இரண்டு வட்டையும் அதில் மாட்டுங்கள். நகல் ஓடும்போது கெர்னல் பதிவேட்டில் மின்னழுத்தம் குறைந்ததாகச் செய்தி வருகிறதா என்று முதல் வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.